தம்பி எப்போது ஐரோப்பியன் ஆனான்?

1

அப்பாவின் திவசம் இந்த முறை நடக்குமா, நடக்காதா என்று மூன்று கிழமையாக எனக்குத் தெரியாமல் இருந்தது. அதற்கு ஐரோப்பிய ஒன்றியம்தான் காரணம் என்று சொன்னால் ஊரில் இதை வாசிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். வேறு யாருடைய வீட்டிலாவது நடந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

நாங்கள் மூன்று பேர். பெரியக்கா லண்டனில் இருக்கிறா. தம்பி குகனும் லண்டனில்தான், ஆனால் அவன் அங்கே போய்ச் சேர்ந்த வழி வேறு. நடுவில் பிறந்த நான் ஆக்லாந்தில், லின்ஃபீல்டில் இருக்கிறேன். அப்பா கடைசிக் காலத்தில் பெரியக்காவோடு இருந்து அங்கேயே கண்ணை மூடினார். கொள்ளி வைத்தது தம்பி, அதாவது தகனசாலையில் அவனை ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கொள்ளி வைத்தவன்தான் திவசத்துக்கும் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஆனி மாதமும் அக்கா வீட்டு முன்னறையில் அவன் சால்வையைக் கட்டிக்கொண்டு உட்காருவான், அக்கா சமைப்பா, நான் இங்கிருந்து வீடியோவில் கும்பிடுவேன்.

தொடக்கத்தில் ஐயர் சங்கற்பம் சொல்வார் அல்லவா, இன்ன கண்டத்தில், இன்ன ஊரில், இன்னாருடைய மகன் இருந்து செய்கிறான் என்று. லண்டன் ஐயர் "ஐரோப்பா கண்டே, லண்டன் மாநகரே" என்று மளமளவென்று சொல்லிக்கொண்டு போவார். எங்கள் வீடு குடிபூரலுக்கு வந்த இங்கத்தைய ஐயருக்கோ அந்த இடத்தில் ஒரு தடக்கல். நியூசிலாந்து எந்தக் கண்டம்? கொஞ்சம் யோசித்துவிட்டு "பசிபிக் சமுத்திரே" என்று போட்டார். கடலுக்குள் இருக்கிற வீட்டுக்கு இவ்வளவு மோட்கேஜா என்று இவர், என் கணவர், என் காதுக்குள் கேட்டார்.

இந்த முறை எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது என் மகள் தாரணி. நகர மையத்தில் பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்கிறாள். அதைப் படித்து என்ன வேலை எடுக்கப்போகிறாய் என்று கேட்பதை நான் போன வருடமே நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு நாட்டின் உள்நாட்டு அரசியலும் ஐரோப்பிய ஒருங்கிணைப்பை எப்படி வடிவமைக்கிறது, எப்படி அதற்குத் தலையிடி கொடுக்கிறது என்று ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். சாதாரண மனிதர் ஒருவரைப் பேட்டி கண்டு சேர்த்தால் நல்லது என்று விரிவுரையாளர் சொல்லியிருக்கிறார்.

"உங்களுக்கு ஐரோப்பாவில் ஆட்கள் இருக்கிறார்கள்தானே, அம்மா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுடைய பெரியம்மாவும் மாமாவும்தான் அந்த ஆட்கள். "எங்களுக்கு" என்று அவள் சொல்லவில்லை. நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

2

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அழைத்தோம். அக்காவுக்குச் சனி இரவு ஒன்பது மணி, ஆனால் ஆனி மாதத்து லண்டனில் அப்போதும் யன்னலுக்கு வெளியே நல்ல வெளிச்சம். இங்கே நாங்கள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு போர்வைக்குள் இருக்கிறோம். அக்கா சேலை மாற்றிப் பெரிய பொட்டும் வைத்துக்கொண்டு வந்து இருந்தா.

"ரீவியில போடுவினமோ, பிள்ளை?"

"இல்லைப் பெரியம்மா, கட்டுரைக்கு," என்றாள் தாரணி. அவளுடைய தமிழில் அது ஒரு நீளமான வசனம்.

பிறகு ஆங்கிலத்துக்குத் தாவினாள். பிரித்தானியா ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்ற அந்த வாக்கெடுப்பில் பெரியம்மா வாக்குப் போட்டவவா, எதற்குப் போட்டவ என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை, போட்டனான். வெளியால போறதுக்குத்தான் போட்டனான்."

என் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இத்தனை வருடமாக அக்கா இதை என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. தாரணியின் முகமோ மலர்ந்துவிட்டது. புத்தகத்தில் படித்த ஒரு பிராணியை உயிரோடு கண்ட மாதிரி.

ஏன் என்று கேட்டாள். அக்கா ஆங்கிலத்தில் தொடங்கி, சூடு ஏற ஏறத் தமிழுக்கு வந்துவிட்டா.

"ஏனெண்டால் பிள்ளை, டொக்டரைப் பாக்க மூண்டு கிழமை. பள்ளிக்கூடத்தில இடமில்லை. நாங்கள் ஒரு விசாவுக்கு எத்தினை கியூவில நிண்டிருப்பம்? இவங்கள் ஒரு ஐ.டி. காட்டைக் காட்டிப்போட்டு உள்ளுக்கு வாறாங்கள். ஐரோப்பாக்காரரை நிப்பாட்டினா எங்கட ஆக்களுக்குக் கூட விசா குடுப்பம் எண்டு அப்ப ரீவியில சொன்னவங்கள். உங்கட பெரியப்பான்ர தங்கச்சி அந்த நேரம் ரெண்டு தரம் றிஜெக்ட் ஆகி அழுதுகொண்டு இருந்தவ. அவவுக்கு ஒரு வழி பிறக்கும் எண்டு நினைச்சன்."

ஐரோப்பாவைப் பற்றி என்ன யோசித்தீர்கள் என்று தாரணி கேட்டாள்.

"ஐரோப்பாவைப் பற்றி ஆர் யோசிச்சது? அரசாங்கத்துக்கு ஒரு பாடம் படிப்பிக்கோணும் எண்டு எங்கட றோட்டில எல்லாரும் நிண்டவை. நானும் நிண்டன்."

தாரணி படபடவென்று தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். நான் அப்போதுதான் கண்டேன். அக்காவின் தோளுக்குப் பின்னால், முன்னறைக் கதவடியில், தம்பி நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு தட்டு முட்டை. வேலை முடிந்து வரும்போது மலிவாகக் கிடைத்தால் அக்காவுக்கும் வாங்கிவந்து வைத்துவிட்டுப் போவான், அவனிடம் அந்த வீட்டுத் திறப்பு ஒன்று இருக்கிறது, தானே கதவைத் திறந்துகொண்டு வருவான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் கண்ணால் காட்டினேன். அக்காவுக்கு விளங்கவில்லை.

"ஹாய் மாமா!" என்றாள் தாரணி.

அக்கா திரும்பிப் பார்த்தா.

"ஆரை நிப்பாட்ட, அக்கா?" என்று தம்பி கேட்டான். சத்தம் போடவில்லை.

"ஐரோப்பாக்காரரையடா. போலந்து, ருமேனியா எண்டு வந்த..." அக்கா அதோடு நின்றுவிட்டா.

"அப்ப நான் ஆர்?"

அவன் முட்டைத் தட்டை மேசையில் வைத்தான். ஒன்று கூட உடையவில்லை, அவ்வளவு மெதுவாக வைத்தான். கதவு சாத்துகிற சத்தம் ஆக்லாந்து வரைக்கும் கேட்டது.

"எடி, நான் அவனை நினைக்கேல்லையடி," என்றா அக்கா என்னைப் பார்த்து. "சத்தியமா அவனை ஐரோப்பாக்காரன் எண்டு நான் ஒருநாளும் நினைக்கேல்லை."

இந்தப் பகுதியைக் கட்டுரையில் சேர்க்கலாமா என்று தாரணி கேட்டாள். வளர்ந்த பிள்ளையை நான் அன்றைக்குக் கத்திப் பேசினேன்.

3

தம்பி எப்போது ஐரோப்பியன் ஆனான் என்று நானே யோசித்துப் பார்த்தேன். எனக்கும் பிடிபடவில்லை.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் பிள்ளைகளாக இருந்த காலம் போய், ஒரு ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக பாஸ் எடுக்க வேண்டிய காலம் வந்தது. புறப்படுகிற பக்கத்தில் ஒன்று, வந்து சேர்கிற பக்கத்தில் ஒன்று. அப்பா ஒரு நீலப் பிளாஸ்டிக் பைலில் எங்கள் மூன்று பேருடைய பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, கிராம சேவகர் கடிதம் எல்லாவற்றையும் வைத்திருந்தார். வவுனியாவுக்குப் போய்வர வேண்டுமென்றால் முதல்நாள் பின்னேரமே பைல் மேசைக்கு வந்துவிடும். எங்களை விட அந்தப் பைலைத்தான் அவர் கவனமாகப் பிடித்துக்கொண்டு போனார் என்று அம்மா பகிடி பண்ணுவா.

அக்கா கலியாணம் கட்டி லண்டனுக்குப் போனா. தம்பியை ஏஜென்சிக்காரன் கனடா என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய்க் கொலண்டில், ஒல்லாந்தரின் நாட்டில், இறக்கிவிட்டான். "எங்கட கோட்டையைக் கட்டினவங்கட ஊர்" என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தான். கோட்டையைப் பற்றித் திட்டித்தான் எழுதுவான் என்று பார்த்தால், சுவர்களின் கல் கட்டு அங்கேயும் அதே மாதிரி இருக்கிறது என்று வியந்து எழுதியிருந்தான். அந்தப் பாஷையைப் படித்தான், கலியாணம் கட்டினான், பிள்ளைகள் பிறந்தார்கள், குடியுரிமையும் கிடைத்தது. பிறகு ஒரு நாள் காரில் சட்டி பானையை ஏற்றிக்கொண்டு லண்டனுக்குக் குடிபோய்விட்டான். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கலாம், கோயில் இருக்கிறது, அக்கா இருக்கிறா. அந்தக் காலத்தில் கொலண்டிலும் ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் இருந்து எங்கள் ஆட்கள் இப்படி எத்தனையோ பேர் லண்டனுக்குப் போனார்கள்.

அப்பா அப்போது ஊரில்தான் இருந்தார். தொலைபேசியில் தம்பி சொன்னதை அவரால் நம்ப முடியவில்லை.

"பாஸ் இல்லாமலோ?"

"இல்லை அப்பா."

"விசா?"

"தேவையில்லை அப்பா. ஐரோப்பா முழுக்க ஒண்டுதான் இப்ப."

"ஒருத்தரும் கேக்கேல்லையோ?"

அதற்குப் பிறகு ஒவ்வொரு அழைப்பிலும் அப்பா அதைக் கேட்பார். "இன்னும் கேக்கேல்லையோ?" நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அப்பா சிரிக்கமாட்டார்.

அக்காவின் கண்ணில் அவன் கொலண்ட் கடவுச்சீட்டு வைத்திருக்கிற யாழ்ப்பாணத்தான். என் கண்ணிலும் அப்படித்தான். பிரச்சினை என்னவென்றால் அவனுடைய கண்ணிலும் அப்படித்தான்.

4

வாக்கெடுப்பு முடிந்தது, நாடு வெளியேறியது. அங்கே இருந்த ஐரோப்பியர் எல்லோரும் தொடர்ந்து இருப்பதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அதற்கு ஒரு கடைசித் திகதியும் இருந்தது. தம்பியின் மனைவியும் பிள்ளைகளும் எப்போதோ பிரித்தானியக் குடியுரிமை எடுத்துவிட்டார்கள். அதை எடுத்தால் கொலண்ட் குடியுரிமை போய்விடும் என்று கேள்விப்பட்டு இவன் மட்டும் கொலண்ட் கடவுச்சீட்டோடு இருந்துகொண்டான். ரேடியோவில் அறிவித்தல் போனபோது காரில் இருந்து அதைக் கேட்டிருக்கிறான். போலந்துக்காரருக்குச் சொல்லுகிறார்கள் என்று நினைத்து வேறு சனலுக்கு மாற்றினானாம்.

"ஐரோப்பியர் எண்டு அவங்கள் சொல்லேக்க என்னைச் சொல்லுறாங்கள் எண்டு எனக்கு எப்பிடிச் சின்னக்கா தெரியும்?" என்று பிறகு என்னிடம் கேட்டான். அந்த நேரம் நான் சிரித்ததற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

சில வருடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவன் வேலை செய்த வெதுப்பகம் கைமாறியது. புதிதாக வந்தவர்கள் எல்லோரிடமும் வேலை செய்யும் உரிமைக்கு அத்தாட்சி கேட்டார்கள். அது ஒரு கடதாசிகூட இல்லை, இணையத்தில் எடுக்கிற ஒரு இலக்கம். இவனிடம் அது இல்லை. அப்பா அப்போது உயிரோடு இல்லை, ஆனால் கடைசியில் கேட்டுவிட்டார்கள். பிந்தி விண்ணப்பித்து, ஏன் பிந்தியது என்று விளக்கம் எழுதி, இருபது வருடமாக அங்கே இருந்ததற்குத் தண்ணீர்க் கட்டணத்திலிருந்து பல்வைத்தியர் கடிதம் வரை தேடிக் கொடுத்து, பதில் வருவதற்கு அரை வருடம் ஆனது. அவ்வளவு நாளும் வீட்டில் இருந்தான்.

அந்த அரை வருடமும் வெள்ளிக்கிழமை தவறாமல் அக்கா அவன் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனா. புட்டு, மரக்கறி, பிள்ளைகளுக்குக் கட்லட். இவ்வளவு பாசமான அக்கா என்று நான் இங்கே எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு தம்பியை நான் மூன்று தரம் அழைத்தேன். மூன்றாம் தரம்தான் எடுத்தான்.

"திவசத்தை நான் கோயில்ல செய்யிறன். அந்த வீட்டுக்கு இனி வரமாட்டன்."

"அக்கா தெரியாமச் செய்தது, குகன்."

"சின்னக்கா, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்தது சாப்பாடோ, மன்னிப்போ? அது தெரியாம அரை வருசம் திண்டிருக்கிறன்."

அக்காவை அழைத்தால் அவ அழுதா. அழுகைக்கு நடுவில் எனக்கே கோபம் வருகிற மாதிரி ஒரு விஷயமும் சொன்னா. "அவனுக்கு வாக்கு இருந்திருந்தா அவனும் வெளியாலதான் போட்டிருப்பான், எனக்குத் தெரியும்." இதைத் தாரணியிடம் சொன்னேன். அப்போதுதான் அவள் எனக்கு விளக்கினாள். கொலண்ட் கடவுச்சீட்டு வைத்திருந்த மாமாவுக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்கே கிடையாது. ஆனால் பொதுநலவாய நாட்டுக்காரர் என்பதால், இலங்கைக் கடவுச்சீட்டோடு அங்கே விசாவில் இருந்தவர்களுக்கு இருந்தது. அக்கா வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்த மட்டக்களப்புப் பெண் அப்போது வந்து இரண்டு வருடம்தான், அவளும் போட்டிருக்கிறாள். தம்பி அங்கே இருந்தது அப்போதே பத்து வருடத்துக்கும் மேல்.

நான் இதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னேன். இரண்டு தரமும் விளங்கியது, ஆனால் மனதில் நிற்கவில்லை.

5

எனக்கு ஈஸ்ட் டாமாக்கியில் வேலை. தேன் போத்தல்களில் அடைத்து ஏற்றுமதி செய்கிற இடம், நான் லேபிள் பகுதியைப் பார்க்கிறேன். முன்பு ஐரோப்பாவுக்குப் போகிற தேனுக்கு ஒரே லேபிள்தான். இறக்குமதி செய்பவரின் விலாசம் ஒன்று போதும், லண்டனுக்கும் அதுதான், ரொட்டர்டாமுக்கும் அதுதான். இப்போது பிரித்தானியாவுக்கு ஒரு விலாசம், ஒன்றியத்துக்கு வேறொரு விலாசம். அதே தேன், அதே போத்தல், இரண்டு அடுக்கு. பழக்கதோஷத்தில் நான் தொடக்கத்தில் ஒரு அடுக்கு முழுவதையும் கலந்து ஒட்டி, பிறகு நாலு பேர் இருந்து உரித்தோம். அக்கா போட்ட வாக்கை நான்தான் நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அது தெரியாது, விரல் மட்டும் நொந்தது.

அந்தக் கிழமை லேபிள் ஒட்டிக்கொண்டு நின்றபோதுதான் எனக்கும் ஒன்று நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் குறிப்பை எழுதவே முடியாது.

இங்கே குடியுரிமை இல்லாவிட்டாலும் நிரந்தர வதிவிடம் இருந்தால் பொதுத் தேர்தலில் வாக்குப் போடலாம். என்னுடைய குடியுரிமை விண்ணப்பம் இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது, ஆனால் வாக்கு உண்டு. போன தேர்தலுக்கு முன்பு ஒரு வேட்பாளர் பிளாக்ஹவுஸ் பேயில் கடைகளுக்கு முன்னால் நின்று கை கொடுத்தார். என் பெயரைக் கேட்டு, சரியாகச் சொல்லும் வரைக்கும் மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். வந்தவர்களை நன்றாகப் பார்த்துக்கொள்வோம், இனி வருகிறவர்களின் தொகையைக் குறைப்போம் என்றார். அந்த நேரம் எங்கள் வேலையிடத்தில் குறுகிய கால விசாவில் ஆட்களை எடுத்து என்னுடைய மணித்தியாலங்களை வெட்டியிருந்தார்கள். மோட்டர்வேயில் வேலைக்குப் போக ஒரு மணித்தியாலம். எனக்கு எல்லோர் மேலும் எரிச்சல். நான் வந்தவள், வருகிறவள் இல்லை. அவருக்கே போட்டேன்.

வீட்டில் இவருக்கும் சொல்லவில்லை. ஆனால் கண்டுபிடித்துவிட்டார். "நீர் பிளேனில இருந்து இறங்கினவுடன கதவைச் சாத்திப்போட்டீர்," என்று பகிடி பண்ணினார். நான் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

பிறகு வேலை விசா விதிகள் இறுகின. எவ்வளவு என் வாக்கால், எவ்வளவு தானாக நடந்தது என்று எனக்குக் கணக்கு விளங்கவில்லை. தாரணியைக் கேட்டால் அவளுக்கும் தெரியாது, ஒரு பகுதி என்றாள். தம்பி வேலையில்லாமல் இருந்த அந்த அரை வருடத்தில் ஒரு நாள் என்னிடம் கேட்டான், "சின்னக்கா, நியூசிலாந்துக்கு வரலாமோ? வெதுப்பக வேலைக்கு எடுப்பினமோ?" நான் இணையத்தில் பார்த்தேன். ஒரு வருடத்துக்கு முன்பு என்றால் முயற்சி செய்து பார்த்திருக்கலாம். "கொஞ்சம் கஷ்டம் தம்பி" என்று சொன்னேன். ஏன் கஷ்டம் என்று சொல்லவில்லை. பதிலுக்கு அவனுடைய பிள்ளைகளுக்கு இரண்டு குளிர்ச்சட்டை வாங்கி அனுப்பினேன், நல்ல மெரினோ கம்பளி.

அக்கா புட்டு அவித்தா, நான் குளிர்ச்சட்டை அனுப்பினேன்.

புதன் காலை ஆறரைக்கு, வேலை தொடங்கும் முன்பு, தரிப்பிடத்தில் காருக்குள் இருந்து தம்பியை அழைத்தேன். அவனுக்குச் செவ்வாய் இரவுச் சாப்பாட்டு நேரம். மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் வேட்பாளர் என் பெயரைச் சரியாகச் சொன்னதிலிருந்து தொடங்கினேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

பின்னால் தட்டுகள் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப அந்த ஸ்வெட்டர்?"

"ஓம்."

"இப்ப உங்களோடயும் கதைக்கேலாது," என்றான். "அப்ப நான் ஆரோடதான் சின்னக்கா கதைக்கிறது?"

அழுதேன். நாற்பத்தெட்டு வயதில், வேலைக்கு வருகிற எல்லோரும் பார்க்கிற மாதிரி, மஞ்சள் பாதுகாப்புச் சட்டையோடு.

"அழாதேங்கோ," என்றான். பிறகு கொஞ்சம் பொறுத்து, "கொலண்டில ஒரு தேர்தலில நான் ஆருக்குப் போட்டனான் தெரியுமோ?" என்று கேட்டான்.

"ஆருக்கு?"

"அதை விடுங்கோ," என்றான். அழைப்பைத் துண்டித்துவிட்டான்.

6

திவசத்தன்று அவன் வருவானா என்று அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வரமாட்டான் என்று நினைத்துக்கொண்டும் அக்கா பதினொரு கறி சமைத்திருந்தா. அவன் வராவிட்டால் அங்கே திவசத்தைச் செய்ய ஆளில்லை, கோயிலில் ஒழுங்கு செய்தானா என்றும் தெரியாது, ஐயர் வெறும் பூசை செய்துவிட்டுப் போவார். அப்பா நீலப் பைலோடு எங்கேயோ ஒரு வரிசையில் காத்துக்கொண்டு நிற்பார் என்று எனக்கு மனதுக்குள் ஒரு படம்.

எங்களுக்கு இரவு எட்டு மணி, அங்கே காலை ஒன்பது. நான் குளித்துவிட்டு வந்து மேசையில் கைத்தொலைபேசியை நிமிர்த்தி வைத்தேன். தாரணி தானாகவே வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கட்டுரைக்கு இல்லை, சும்மாதான் என்றாள். கட்டுரையை வேறு ஒரு நாட்டைப் பற்றி மாற்றி எழுதிவிட்டாளாம்.

அக்கா வீட்டு முன்னறையில் ஐயர் தர்ப்பையை வைத்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார். அத்தான் வாசலைப் பார்த்தார். திறப்பு இருக்கிறவன் அன்றைக்கு மணியை அடித்தான். அக்கா அகப்பையோடு ஓடிப்போய்த் திறந்தா.

"ஐயர் வந்திட்டாரோ?" என்று மட்டும் கேட்டான் தம்பி. அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குளியலறைக்குப் போய்ச் சால்வையைக் கட்டிக்கொண்டு வந்து மணையில் இருந்தான். கைத்தொலைபேசிப் பக்கம் திரும்பி எனக்கு ஒரு தலையாட்டு. அதுவே பெரிய விஷயம். அக்கா சமையலறைக் கதவில் நின்றா, உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

ஐயர் அவன் விரலில் பவித்திரத்தைப் போட்டுவிட்டுத் தொடங்கினார். வருடம் சொன்னார், மாதம் சொன்னார், திதி சொன்னார்.

"ஐரோப்பா கண்டே..."

"பொறுங்கோ ஐயா," என்றான் தம்பி.

ஐயர் நிறுத்தினார். தாரணி என் கையைப் பிடித்தாள்.

"அது இப்ப சரியோ தெரியேல்லை ஐயா. எங்கட அக்கா அதை விட்டு வெளியால வந்திட்டா. லண்டன் எண்டு மட்டும் சொல்லுங்கோ, காணும்."

ஐயருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். அத்தான் நிலத்தைப் பார்த்தார். கதவடியில் அக்காவின் கையில் இருந்த அகப்பையிலிருந்து சாம்பார் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன், பதினெட்டாயிரம் கிலோமீற்றருக்கு இந்தப் பக்கம் இருந்து என்னத்தைச் சொல்ல.

அக்கா முன்னால் வந்தா. தம்பிக்குப் பக்கத்தில், வெறும் நிலத்தில், சேலையோடு இருந்தா.

"இல்லை ஐயா, நீங்கள் சொல்லுங்கோ," என்றா. "ஐரோப்பாவெண்டே சொல்லுங்கோ. அவன் இருக்கிற இடத்தை முழுசாச் சொல்லுங்கோ."

தம்பி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அக்கா இருப்பதற்குத் தன் மணையைக் கொஞ்சம் நகர்த்தினான்.

ஐயர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார்.